மகளின் பரிசளிப்பு விழாவுக்கு எந்தச் சட்டையில் போவது?

கேள்வி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். நான் வாகனப் பட்டறையில் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற பருவத்தில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடந்தது. வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, பட்டறை உடையிலேயே போனேன். என் மகள் என்னோடு சேர்ந்து நடக்காமல் பத்தடி முன்னால் நடந்தாள். வகுப்பாசிரியரிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவிடம், “இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு நீ மட்டும் வா அம்மா” என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்று இரவு உறங்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஆண்டு விழா. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள், மேடையில் கொடுப்பார்கள். அழைப்பிதழின் அடியில் “பெற்றோர் தகுந்த உடையில் வரவும்” என்று ஒரு வரி இருக்கிறது. மைத்துனர் தன் கோட்டைத் தருகிறேன் என்கிறார். கடன் வாங்கியாவது புதிதாக ஒன்று எடுத்துவிடுங்கள் என்கிறாள் மனைவி. “உழைக்கிறவனுக்கு என்னடா வெட்கம், இருக்கிறபடியே போ” என்கிறார் என் அம்மா. எனக்கோ, பேசாமல் போகாமலேயே இருந்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

விழாவுக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் இது ஒன்றுக்குத் தயக்கமே இல்லாமல் பதில் சொல்ல முடியும். பள்ளி ஆலோசகராக இருப்பதால், வளர்ந்த பிள்ளைகள் தங்கள் சிறு வயது விழாக்களைப் பற்றிப் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் போனார்கள் என்பதையெல்லாம் அவ்வளவு துல்லியமாகச் சொல்வார்கள். வந்தவர் என்ன உடுத்தியிருந்தார் என்பது அநேகமாக யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் வராமல் நின்றுவிட்டால், அன்றைக்குத் தான் சொன்ன சொல்தான் அதற்குக் காரணம் என்று உங்கள் மகளுக்குத் தெரிந்துவிடும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, பதின்மூன்று வயதில் அது தானாகவே புரியும். பரிசை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது, அப்பாவை வரவிடாமல் செய்தது நான்தான் என்ற எண்ணம் அவளுக்கு வரக் கூடாது.

அவள் ஏன் பத்தடி முன்னால் நடந்தாள் என்பதைப் பார்ப்போம். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் இந்த வயதைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். வளரிளம் பருவத்தில் இருப்பவர்களுக்கு, தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்து தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றும் என்றார். அதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். முகத்தில் ஒரு பரு, காலணியில் ஒரு கிழிசல், பேச்சில் ஒரு தடுமாற்றம் எதுவானாலும் எல்லாரும் அதைக் கவனித்துவிட்டார்கள் என்று மனம் பதறும். என் அனுபவத்தில், அந்த வயதுப் பிள்ளைகள் பெற்றோரையும் தங்களில் ஒரு பகுதியாகவே எண்ணுகிறார்கள். அப்பாவின் சட்டைக் கறை தன் சட்டையில் பட்ட கறையாகவே அவர்களுக்குத் தெரிகிறது. அவள் உங்களை வெறுத்து விலகி நடக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். கோட் அணிந்து காரில் வந்து இறங்கும் அப்பாவைப் பார்த்தும் “ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறாய்” என்று முகம் சுளிக்கிற பிள்ளைகள் என் அறைக்கு வருகிறார்கள். காரணம் வீட்டுக்கு வீடு மாறுகிறது, கூச்சம் மாறுவதில்லை.

பெரியவர்களான நமக்கும் இது முழுவதும் போய்விடுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவரை, போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட டி-சர்ட்டை அணியச் செய்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் உன் சட்டையில் இருந்த படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். இப்படிப் பலரிடம் செய்து பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேருக்கும் சற்றுக் குறைவு. இந்த ஆய்வை உங்கள் மகளிடம் சொல்லிப் பயனில்லை. யாரும் உன்னைப் பார்க்கவில்லை என்று பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் சொல்லி நம்பவைத்தவரை நான் கண்டதில்லை. இது உங்களுக்காக. அன்று இரவு உறக்கம் வராமல் படுத்திருந்தபோது அந்தப் பள்ளி வளாகம் முழுவதும் உங்களைப் பார்த்ததாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். பெரும்பாலானவர்கள் தங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டு நடந்து போயிருப்பார்கள்.

அதற்காக, எல்லாமே கற்பனைதான் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். “அது உங்கள் அப்பாவா?” என்று கேட்கும் தொனி ஒன்றே போதும். பிள்ளைகளுக்குப் பணத்தின் ஏற்றத்தாழ்வு மிகச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது, உடையில்தான் அதை முதலில் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பழங்காலக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் துணி இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில், மரியாதையாக வாழும் கூலித்தொழிலாளி லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான், ஆகவே அந்தச் சட்டையும் அவனுக்கு இன்றியமையாத பொருள்தான் என்றார். அமர்த்தியா சென் வறுமையைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தை எடுத்துக்காட்டி, வெட்கமின்றிப் பொது இடத்தில் நிற்க முடிவதையே மனிதனின் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாக வைத்தார். ஆகவே, “உடையில் என்ன இருக்கிறது” என்று யாராவது உங்களுக்கு அறிவுரை சொன்னால், அவருடைய அலமாரியில் நல்ல சட்டைகள் நிறைய இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வலித்தது நியாயமான வலி. உங்கள் மகளுக்கு வலித்ததும் அப்படித்தான்.

உங்கள் அம்மா சொல்வதில் பாதியை நான் மனமார ஏற்கிறேன். வேலையைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றப் பாதியில் அவரோடு உடன்பட முடியவில்லை. பட்டறை உடை பட்டறைக்காக உண்டானது. அதில் எண்ணெயும் மசகும் பெட்ரோல் வாடையும் ஏறியிருக்கும். பக்கத்து நாற்காலியில் உட்காருபவரின் துணியில் அது ஒட்டும், அடைத்த அரங்கில் அந்த வாடை சிலருக்குத் தலைவலியை வரவழைக்கும். சமையல்காரர் சமையலறை உடையையும், அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் சிகிச்சை அறை உடையையும் மாற்றிக்கொண்டுதானே விழாவுக்கு வருகிறார்கள்? நீங்களும் மாற்றிக்கொண்டு வாருங்கள். உடையை மாற்றுவதால் தொழில் மறைவதில்லை. யாராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், “மெக்கானிக்” என்று தெளிவாகச் சொல்லுங்கள், உங்கள் மகளின் காதில் விழும்படி சொல்லுங்கள். குரல் தாழ்ந்தால் அவள் கவனிப்பாள். சட்டையைவிட அதைத்தான் கூர்ந்து கவனிப்பாள்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வேறு கணக்கு. வேலை நாளின் நடுப்பகலில் பள்ளி கூப்பிட்டால், வேலை உடையில் வருபவரைப் பள்ளி அப்படியே வரவேற்க வேண்டும். செவிலியர், ஓட்டுநர், காவலர், துப்புரவுப் பணியாளர் யாராக இருந்தாலும் சரி, ஒரு மணி நேர அனுமதியில் ஓடி வருபவருக்கு உடை மாற்ற எங்கே நேரம்? ஆகவே சென்ற பருவத்தில் நீங்கள் செய்ததில் தவறு ஒன்றுமில்லை. வராமல் இருந்திருக்கலாம். வந்தீர்கள்.

இனி, கோட். மைத்துனர் நல்ல மனதோடுதான் தருகிறார், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரவல் கோட் தோளில் பொருந்துவது அபூர்வம். தோள் தையல் கைப்பக்கம் இறங்கியிருந்தாலோ, கழுத்தருகே ஏறியிருந்தாலோ அது வேறொருவருடையது என்று பார்த்தவுடனே தெரியும். கை நீளத்தைத் தையற்காரர் குறைத்துவிடலாம், தோளை மாற்றுவது பெரிய வேலை. மேலும், பழக்கமில்லாத உடையில் மனிதர் உடையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்: பொத்தானைப் போடுவதா விடுவதா, உட்காரும்போது திறப்பதா, கறை பட்டுவிடுமோ. உங்கள் மகள் மேடையேறுகிற அந்த அரை நிமிடத்தில் உங்கள் கவனம் கோட்டில் இருக்கக் கூடாது. அது யாருடைய கோட் என்பதும் அவளுக்குத் தெரியும். தான் சொன்ன ஒரு சொல்லுக்காக அப்பா வேடம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றினால், அவள் கூச்சம் இரண்டு மடங்காகும்.

கடன் வாங்கி உடை எடுப்பதும் வேண்டாம். உங்கள் மனைவிக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒரு மாலை நேரத்துக்காக ஏற்பட்ட கடன் பல மாதம் வீட்டில் பேச்சாக இருக்கும், அந்தப் பேச்சு மகளின் காதிலும் விழும். அவளுடைய பரிசு வீட்டுக்குச் செலவு வைத்த நிகழ்ச்சியாக மாறிவிடக் கூடாது.

உங்களிடம் இருக்கிற சட்டைகளை எடுத்துக் கட்டிலில் பரப்புங்கள். தோளில் சரியாக நிற்பது, கழுத்துப்பட்டை நைந்து போகாதது, பொத்தான்கள் எல்லாம் இருப்பது என்று பார்த்து இரண்டை மட்டும் எடுத்து வையுங்கள். புதிதா பழையதா என்பதை யாரும் தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கசங்கியிருப்பதும் அளவு பொருந்தாததும்தான் கண்ணில் படும். பழைய சட்டையே ஆனாலும் நன்றாகத் துவைத்து, சற்று ஈரப்பதத்தோடு இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மடிப்பு நேராக விழும். போட்டுப் பார்க்கும்போது நின்று மட்டும் பார்க்காதீர்கள். உட்கார்ந்து பாருங்கள், கையை உயர்த்தித் தட்டிப் பாருங்கள், குனிந்து பாருங்கள். விழாவில் பெரும்பாலான நேரம் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். நிற்கும்போது அழகாக இருக்கும் சட்டை உட்கார்ந்ததும் வயிற்றருகே பொத்தான் இடையே வாய் பிளக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒரே நிறச் சட்டை நல்லது. அதற்கு ஒரு காரணம் புகைப்படம். மிக நெருக்கமான கோடுகளும் பொடிக் கட்டங்களும் டிஜிட்டல் கேமராவில் சில சமயம் அலையலையாக நெளிந்து தெரியும். கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் உணரியில் (சென்சாரில்) புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. துணியின் நுண்ணிய கோடுகள் அந்த வரிசையோடு பொருந்தாமல் குறுக்கிடும்போது, துணியில் இல்லாத கோலம் ஒன்று படத்தில் வந்துவிடுகிறது. இன்னொரு காரணம் உங்கள் மகள். மேடையில் வெளிச்சமும் அரங்கில் இருட்டும் இருந்தால், மேலே நிற்பவருக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். கறுப்பும் கருநீலமும் அந்த இருட்டோடு கலந்துவிடும், வெளிர்நிறம் கொஞ்சம் தெரியும். எந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். தேட வேண்டிய இடம் தெரிந்தால் கண் சட்டென்று போய் நிற்கும்.

வாசனைத் திரவியம் வேண்டவே வேண்டாம். பட்டறை வாடையை மறைக்கலாம் என்று நினைத்துச் சிலர் அள்ளித் தெளித்துக்கொள்கிறார்கள். இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கடுமையான வாசனை மூச்சுத்திணறலையே உண்டாக்கக் கூடும். குளித்துவிட்டுத் துவைத்த துணி அணிந்தால் போதும். தலைமுடியையும் நன்றாக அலசுங்கள், பெட்ரோல் வாடை முடியில் தங்கும்.

கைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் நினைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலர் கைகுலுக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். மசகை நேரடியாகச் சோப்புப் போட்டு எடுப்பது கடினம். முதலில் சமையல் எண்ணெய் கொஞ்சம் எடுத்துக் கையில் நன்றாகத் தேய்த்தால் மசகு அதில் கரைந்து இளகும். அதன் மேல் சோப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் ரேகைகளில் உள்ளதும் பெரும்பாலும் போய்விடும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அது உறிஞ்சிவிடும், தோல் வெடித்து, அந்த வெடிப்புக்குள் கறை இன்னும் ஆழமாக இறங்கும். விழாவுக்கு முந்தைய வாரம் வேலை தொடங்கும் முன் ஒரு சோப்புக் கட்டியில் நகங்களை அழுத்திச் சுரண்டிக்கொள்ளுங்கள். நக இடுக்கைச் சோப்பு அடைத்துக்கொண்டால் மசகு உள்ளே போகாது, மாலையில் பிரஷ் போட்டுக் கழுவினால் வந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் சில கோடுகளில் கறுப்பு நிற்கும். நிற்கட்டும். அந்தக் கையால்தான் அவளுக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள்.

விழா நாளில் வேலைக்குப் போய்விட்டு நேரே வர வேண்டிய கட்டாயம் ஏற்பட்டால், மாற்றுத் துணியைப் பட்டறைக்குள் தொங்கவிடாதீர்கள். துணி வாடையை உறிஞ்சிக்கொள்ளும். மூடிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்ரோல் டப்பாக்கள் இல்லாத அறையில் வையுங்கள். முடிந்தால் அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்காகச் செய்ய இருந்த செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும். காலணியை முந்தின நாளே துடைத்துப் பாலிஷ் போட்டு வைத்துவிடுங்கள், காலணியை மறந்துவிடுகிற ஆண்கள் அதிகம்.

இப்போது மகளிடம் பேசுவது. உடையைத் தேர்ந்தெடுப்பதைவிட இது கடினம், இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அவள் அம்மாவிடம் சொன்னது உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். பேசாமல் விட்டால் இருவருக்கும் நடுவில் அது கிடந்துகொண்டே இருக்கும். முகத்துக்கு நேரே உட்காரவைத்துப் பேசாதீர்கள். சேர்ந்து நடக்கும்போதோ, பாத்திரம் துடைக்கும்போதோ, கண்ணோடு கண் பார்க்கத் தேவையில்லாத வேளையில் தொடங்குங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் வாய் திறப்பார்கள். “அன்றைக்கு நான் பட்டறை உடையில் வந்தது உனக்குச் சங்கடமாக இருந்தது, இல்லையா? உன் வயதில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆண்டு விழாவுக்கு நான் வருகிறேன். இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், எது என்று நீ சொல்” என்ற அளவில் போதும். யாராவது கிண்டல் செய்தார்களா என்று கேளுங்கள். பெயர் சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள். “உனக்காகத்தான் இந்தக் கையெல்லாம் இப்படி ஆகியிருக்கிறது” என்ற பேச்சு. உண்மைதான், எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை கூச்சத்தை விட்டுவிடுவதில்லை. கூச்சத்தோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குகிறது, அதற்குப் பிறகு எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் வேலையின் அருமை அவளுக்குத் தெரிய வேண்டுமென்றால், ஒரு விடுமுறை நாளில் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். கோளாறான இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டு எங்கே பழுது என்று நீங்கள் கண்டுபிடிப்பதை அவள் பார்க்கட்டும். கட்டுரையில் முதல் பரிசு வாங்கிய பெண், அவளுக்குப் பார்க்கத் தெரியும்.

எதுவரை அவள் சொல்வதைக் கேட்பது என்பதும் முக்கியம். எந்தச் சட்டை, சட்டையைப் பேன்ட்டுக்குள் விடுவதா வேண்டாமா, வாசலில் அவளுடைய தோழிகள் முன்னால் தலையைத் தடவுவதா வேண்டாமா என்பதையெல்லாம் அவள் முடிவு செய்யட்டும். அவளுடைய நாள் அது. நீங்கள் வருவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்ய விடாதீர்கள். உங்கள் தொழிலை வேறு ஏதோவாகச் சொல்லும்படி கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டையும் கோபமில்லாமல், ஆனால் பேரத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காகவும் சில வரிகள். மிகையாக உடுத்துவதும் பிள்ளையைச் சங்கடப்படுத்தும். மேடையில் இருப்பவரைவிட முன்வரிசையில் இருப்பவர் மினுங்கினால் பிள்ளை அதை விரும்புவதில்லை, வெளியே சொல்லாவிட்டாலும். உயரமான தலை அலங்காரமும் தொப்பியும் பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தையின் பாட்டிக்கு மேடையை மறைக்கும். குலுங்கி ஒலிக்கும் நகைகள், பக்கத்தில் யாராவது படம்பிடித்துக்கொண்டிருந்தால், பிள்ளையின் பாட்டைவிடச் சத்தமாகப் பதிவாகும். விளையாட்டு நாளுக்குக் கூர்மையான குதிகால் காலணி அணிந்தால் புல்தரையில் புதைந்து கணுக்கால் பிசகும். பெற்றோருக்கான ஓட்டத்துக்கு யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்போது ஓட முடிகிற உடையாக இருந்தால் பிள்ளைக்குக் கொண்டாட்டம். சிறு வகுப்புகளில் குட்டி நாற்காலியிலோ தரையிலோ உட்கார வேண்டிவரும், இறுக்கமான உடையில் அது முடியாது. கட்சிச் சின்னமோ மதுபான விளம்பரமோ அச்சிட்ட டி-சர்ட் எந்தப் பள்ளி நிகழ்ச்சிக்கும் பொருந்தாது.

பள்ளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெற்றோரின் உடையில் பள்ளி தலையிடலாமா என்ற வழக்கு புதிதன்று. இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர், காலையில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் இரவு உடையில் வர வேண்டாம் என்று 2016-இல் கடிதம் எழுதினார். சிலர் பாராட்டினார்கள், சிலர் சினந்தார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி 2019-இல் இன்னும் ஒரு படி மேலே போய், இரவு உடை, தலையில் சுருட்டுக் குழல்கள், தலையுறை போன்றவற்றோடு வரும் பெற்றோரை உள்ளே விடமாட்டோம் என்று விதியே போட்டது. ஏழைப் பெற்றோரையும் கறுப்பினப் பெண்களையும் குறிவைப்பதாக அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. வேண்டுகோளாக எழுதுவதில் எனக்கு மறுப்பு இல்லை. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. பெற்றோர் ஏன் பள்ளியோடு ஈடுபாடு கொள்கிறார்கள், ஏன் ஒதுங்குகிறார்கள் என்று 1990-களிலிருந்து ஆராய்ந்த ஹூவர்-டெம்ப்சி, சாண்ட்லர் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, பள்ளி தங்களை உண்மையிலேயே அழைக்கிறது என்ற உணர்வு பெற்றோருக்கு இருக்கிறதா என்பது. உங்கள் அழைப்பிதழின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரி, உங்களைப் போன்ற ஒருவரை வீட்டிலேயே நிற்கவைக்கப் பார்த்தது. அதை எழுதியவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார். இரவு உடையும் அரைக் கால்சட்டையும் வேண்டாம் என்ற அளவில்தான் பெரும்பாலும் நினைத்திருப்பார். அப்படியானால் அதையே எழுதியிருக்கலாம், அல்லது “உங்களுக்கு வசதியான, தூய்மையான உடையில் வாருங்கள், வேலையிலிருந்து நேரே வருபவர்களும் வரலாம்” என்று சேர்த்திருக்கலாம். ஐயம் இருந்தால் பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். துவைத்த சட்டையும் பேன்ட்டும் போதாது என்று எந்தப் பள்ளியும் சொல்லாது.

விழா அன்று கொஞ்சம் முன்னதாகப் போய், மேடை தெரியும் இடத்தில், நடைபாதை ஓரமாக உட்காருங்கள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் கை தட்டுங்கள், பெயர் சொல்லிக் கத்த வேண்டாம். முடிந்ததும் அவளாக உங்களிடம் வரும் வரை காத்திருங்கள். தோழிகளோடு நின்று தாமதமாக வந்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரைப் போட்டிக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர் இருந்தால் அவரிடம் போய் நன்றி சொல்லுங்கள், மகளை அருகில் வைத்துக்கொண்டு.

அடுத்த பருவச் சந்திப்புக்கும் நீங்களே போங்கள். இந்த வாரமே வகுப்பாசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள்: நான் பட்டறையில் வேலை செய்கிறேன், பகலில் வந்தால் வேலை உடையில்தான் வர முடியும், மாலையில் ஒரு நேரம் ஒதுக்கித் தர முடியுமா என்று. ஒதுக்க முடிந்தால் குளித்துவிட்டுப் போங்கள். முடியாவிட்டால், கைகளை மட்டும் கழுவிக்கொண்டு, மேலே ஒரு துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பகலிலேயே போங்கள்.